பட்டாளத்துக் கடிதங்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும்: பிரிப்பது, படிப்பது, காப்பது

இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். சென்னை மாகாணத்து ஆட்கள் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும், போர்க்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டிலும் மட்டுமா போனார்கள்? சப்ளை, ஆர்டினன்ஸ் (ஆயுதக் கிடங்கு), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), பயனீர் (உடலுழைப்பு வேலைப் படை), ஆஸ்பத்திரி என்று எல்லாப் பிரிவுகளிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதியது இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியிலோ பரண்மேல் பிஸ்கட் டப்பாவிலோ கிடக்கிறது. கரையான் தின்றதைவிட, "சுத்தம் பண்ணி வைக்கிறோம்" என்று லேமினேஷன் போட்டவர்களும், தபால்தலைக்காக உறையைக் கத்தரித்த பிள்ளைகளும் அழித்ததுதான் அதிகம். ஆகவே செய்ய வேண்டியதோடு செய்யக்கூடாததையும் சேர்த்தே சொல்கிறோம்.

பெட்டியைத் திறக்கும் நாள்

முதல் வேலை எதையும் எடுக்காமலிருப்பது. மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒரு அடுக்கை எடுத்ததும் இன்னொரு படம். எந்தக் கடிதம் எந்தக் கட்டில் இருந்தது, எந்தப் படம் எந்த உறைக்குள் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். தேதி இல்லாத கடிதத்துக்கு அதே கட்டில் முன்னும் பின்னும் இருந்த கடிதங்களே சாட்சி. தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று கட்டை அவிழ்த்துக் கலைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். கட்டுகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுங்கள்: அ-1, அ-2. எண்ணை 2பி பென்சிலால், பின்பக்க மூலையில், மெல்ல எழுத வேண்டும். தாளைக் கெட்டியான இடத்தில் வைத்து அழுத்தி எழுதினால் பள்ளம் முன்பக்கம் தெரியும்.

மேஜைமேல் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பேனா, காபி, எண்ணெய் எதுவும் மேஜையில் வேண்டாம். காகிதத்தைத் தொடக் கையுறை தேவையில்லை. உறை போட்ட விரலுக்கு ஓரத்துக் கிழிசல் தெரியாது, இழுத்துவிடும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். புகைப்படம், நெகட்டிவ், மெடல் ஆகியவற்றுக்கு மட்டும் கையுறை போடுங்கள்.

துருப்பிடித்த குண்டூசி கிட்டத்தட்ட எல்லாக் கட்டிலும் இருக்கும். அதைப் பிடுங்காதீர்கள். துரு காகிதத்தோடு ஒட்டியிருக்கும், ஊசியோடு காகிதமும் வரும். ஊசிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை இருபுறமும் நுழைத்து, தாளை விரலால் அழுத்திக்கொண்டு, ஊசியை அது வந்த வழியே சுழற்றிச் சுழற்றி வெளியே எடுங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய செல்லோடேப்பையும் அப்படியே விடுவதுதான் நல்லது.

பூசணம் பச்சையாகவோ வெள்ளைத் தூளாகவோ படிந்திருந்தால் முகக்கவசம் அணிந்து அந்தத் தாள்களைத் தனியே பிரித்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். தூள் முற்றிலும் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் தள்ளிவிடலாம். வெயிலில் போடக்கூடாது. அப்பளம் காயவைப்பதுபோல மொட்டை மாடியில் பரப்பிய கடிதங்களின் ஊதா எழுத்து ஒரு கோடைக்குள் மங்கிவிடும், தாளும் மொடமொடத்துவிடும்.

உயிருள்ள பூச்சி இருக்கிறதென்றால் (புதுத் தூள், துளை, நெளியும் புழு) மருந்து அடிக்க வேண்டாம். தாள்கள் காய்ந்திருப்பதை உறுதிசெய்து, இரட்டை ஜிப் பையில் காற்றைப் பிழிந்து மூடி, துணியில் சுற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறையில் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் பனித்துளி படியும். அது அடுத்து சொல்லப்போகிற ஆபத்தைக் கொண்டுவரும். புகைப்படங்களை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

காப்பிங் பென்சில்: தண்ணீர் காட்டினால் போச்சு

முகாமில் மைக்கூடு சுமந்து திரிய முடியாது. அதனால் பட்டாளத்துக் கடிதங்களில் பெரும்பகுதி காப்பிங் பென்சிலால் எழுதியது. பார்க்கச் சாதாரணக் கரிப்பென்சில் போலச் சாம்பல் நிறம். ஆனால் உள்ளே ஊதாச் சாயம் கலந்திருக்கும். ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதாவாகப் பரவி எழுத்தே கரைந்துவிடும். எழுதியவர் நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியிருந்தால் சில எழுத்துகள் ஏற்கனவே ஊதாவாக இருக்கும். அதுதான் முதல் அடையாளம். சந்தேகமிருந்தால், ஓரத்தில் உள்ள ஒரு புள்ளியின்மேல் ஈரப்படுத்திப் பிழிந்த நூல் முனையை ஒரு நொடி வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஊதா தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதற்கும் ஈரம் கூடாது.

இதை முதலில் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம், மடிப்பைப் பிரிக்க எல்லோரும் சொல்லும் வழி ஈரப்பதம் கொடுப்பதுதான். சாதாரணக் கரிப்பென்சிலில் எழுதிய தாளுக்கு அது சரி. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஒரு கிண்ணத்தில் நனைத்த ஸ்பாஞ்சு, அதற்கு 5 செ.மீ. மேலே கம்பி வலை, வலைமேல் மை ஒற்றும் தாள், அதன்மேல் மடிந்த கடிதம். மூடிவிட்டு அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். மூடியின் உட்புறம் நீர்த்துளி கட்டினால் ஈரம் அதிகம், உடனே திறந்துவிடுங்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் தாள் தளர்ந்து மடிப்பு தானாகவே நெகிழும். பிறகு இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். ஒற்றுத்தாளை ஒரு மணி நேரத்தில் ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அதே ஈரத்தில் பூசணம் வரும்.

காப்பிங் பென்சில் கடிதத்துக்கும் பேனா மையில் எழுதியதற்கும் இது கிடையாது. காய்ந்த நிலையிலேயே ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே எடை வைத்து ஒரு வாரம் விடுங்கள். மடிப்பில் வெடிப்பு கேட்டால் நிறுத்துங்கள். பாதி திறந்த நிலையிலேயே படம் எடுத்துப் படித்துவிடலாம்; முழுவதும் விரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

கிழிசலை ஒட்ட மைதாப் பசை வேண்டாம், அது பூச்சிக்கு விருந்து. ஃபெவிகாலும் டேப்பும் வேண்டாம். கிழிந்த தாளை இரண்டு பக்கமும் பாலியெஸ்டர் உறைக்குள் வைத்தால் துண்டுகள் இடம் மாறாது, அது போதும். லேமினேஷனைப் பற்றி ஒரே வார்த்தை: சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

உறையைத்தான் முதலில் படிக்க வேண்டும்

கடிதத்தில் ஊர் இருக்காது. எங்கே இருக்கிறேன், எந்தக் கப்பலில் வந்தேன், பக்கத்தில் யார் என்று எழுதுவது தடை. ஆனால் உறை பேசும். எவ்வளவு அழகாக எழுதிய கடிதமானாலும், ஆள் எங்கே இருந்தார் என்று தேடும்போது அதன் கசங்கிய உறைதான் அதிக மதிப்புள்ளது என்பது எங்கள் கருத்து.

அனுப்புநர் முகவரியில் எண், பதவி, பெயர், கம்பெனி, பிறகு சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். எம்.இ.எப். என்றால் மத்திய கிழக்குப் படை: எகிப்து, லிபியா, பாலஸ்தீனம், சிரியா. 'பைஃபோர்ஸ்' என்றால் ஈராக், ஈரான். சி.எம்.எப். என்றால் மத்திய மத்தியதரைப் படை, பெரும்பாலும் இத்தாலி. எஸ்.இ.ஏ.சி. என்பது 1943 பிற்பகுதியில் உருவான தென்கிழக்கு ஆசியக் கட்டளை. இதைப் பார்த்ததும் "தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டளைக்குள் இலங்கையும் அடக்கம். 1944இல் அதன் தலைமையகமே கண்டிக்கு வந்தது. யூனிட் தெரியாமல் முடிவுகட்டக் கூடாது.

முத்திரையில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக எப்.பி.ஓ. என்றும் ஓர் எண்ணும் இருக்கும். அது போர்க்களத் தபால் நிலையம். அந்த எண்ணுள்ள நிலையம் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்ற பட்டியல்கள் ராணுவத் தபால் சேகரிப்பவர்களிடம் உண்டு. இங்கே நடக்கும் தவறு, எண்ணை மட்டும் பார்த்து ஊரைச் சொல்வது. தபால் நிலையமும் படையோடு நகர்ந்தது. ஒரே எண் ஓர் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலும் அடுத்ததில் இத்தாலியிலும் இருக்கலாம். எண்ணோடு தேதியையும் சேர்த்தே பாருங்கள். தேதி தெளிவில்லையென்றால் டார்ச்சை உறையின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், மை போன இடத்திலும் முத்திரையின் அழுத்தம் நிழலாகத் தெரியும்.

பின்பக்கம் உங்கள் ஊர்த் தபால் நிலைய முத்திரை இருந்தால் அது வந்துசேர்ந்த நாள். இரண்டு தேதிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத இடைவெளியில் எழுதிய நான்கு கடிதங்கள் ஒரே நாளில் வந்திருந்தால், அவை ஏதோ ஒரு தளத்திலோ கப்பலிலோ தேங்கிக் கிடந்து சேர்ந்து வந்தவை. வீட்டில் "அந்த வருசம் கடுதாசியே வரலை" என்று சொல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தபால்தலை இல்லையே என்று குழம்ப வேண்டாம். 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்' என்று எழுதிய கடிதங்களில் பலவற்றுக்கு இலவச அனுமதி இருந்தது. தணிக்கை முத்திரையும், உறையைத் திறந்து மீண்டும் ஒட்டிய சீட்டும் இருந்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள், அவையும் ஆவணமே. பச்சை உறை ஒன்று கிடைத்தால், 'குடும்ப விஷயம் மட்டுமே எழுதியிருக்கிறேன்' என்று சிப்பாய் கையெழுத்திட்டு அனுப்பியது அது. யூனிட்டில் திறக்கமாட்டார்கள், தளத்தில் திறக்கலாம். மனம்விட்டு எழுதியது அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளங்கை அளவுள்ள, புகைப்படம் போன்ற கடிதம் ஏர்கிராஃப். 1941இல் தொடங்கிய முறை: படிவத்தில் எழுதியதை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, விமானத்தில் சுருளை மட்டும் அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆகவே உங்களிடம் இருப்பது புகைப்படத் தாள். புகைப்படத்தைப் போலவே பாதுகாக்க வேண்டும்.

அச்சடித்த வரிகளில் வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்ட அட்டை, களச் சேவை அட்டை. "நான் நலம்", "ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்" என்பவை போன்ற வரிகள். தேதியும் கையெழுத்தும் தவிர ஒரு சொல் கூட எழுதினாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இதில் எது அடிபடாமல் இருக்கிறது என்பதைவிட எது அடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். "கடிதம் கிடைத்தது" என்பது அடிபட்டிருந்தால் வீட்டுக் கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

'கிரீக்ஸ்கெஃபாங்கெனன்போஸ்ட்' (போர்க்கைதித் தபால்) என்று ஜெர்மன் மொழியில் இருந்தால் அவர் போர்க்கைதி. முகாம் எண் 'ஸ்டாலாக்' என்ற சொல்லுக்குப் பின் இருக்கும். அன்னாபுர்க்கில் இருந்த 4-டி/இசட் இந்தியக் கைதிகள் இருந்த முகாம்களில் ஒன்று. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர்களில் பலர் முதலில் இத்தாலியிலும், 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபின் ஜெர்மனியிலும் இருந்தார்கள். ஆகவே இத்தாலிய அட்டையும் ஜெர்மன் அட்டையும் ஒரே கட்டில் இருந்தால் ஆச்சரியமில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவரானால் பெரும்பாலும் கடிதமே இருக்காது. இருந்தால் ஒன்றிரண்டு வரி அச்சடித்த ஜப்பானிய அட்டைதான்.

தேதி: சுபானு ஆண்டு என்றால் எப்போது?

ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் எழுத்துப் படித்தவர் தமிழ்த் தேதிதான் போடுவார். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் தொடங்கும்: பிரமாதி 1939, விக்கிரம 1940, விஷு 1941, சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945, விய 1946.

அடிக்கடி நடக்கும் பிழை தை, மாசி, பங்குனியில். சுபானு ஆண்டு தை மாதம் என்றால் 1944 ஜனவரி, 1943 ஜனவரி அல்ல. ஓர் ஆண்டு தவறினால் ஆள் இருந்த கண்டமே மாறிவிடும்.

நாள், மாதம், ஆண்டுக்குக் குறியீடுகள் வரும்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்கள் தமிழில் இருந்தால் ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். தலைப்பில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி, எண் இரண்டு அல்ல. இதைத் தேதியோடு சேர்த்துப் படித்தவர்கள் உண்டு. பழைய முறையில் ௰ பத்தைக் குறிக்கும். 'சுபானு௵ ஆவணி௴ ௰௨' என்றால் ஆவணி 12, அதாவது 1943 ஆகஸ்ட் 28ஐ ஒட்டிய நாள். ஒரு நாள் முன்பின் ஆகலாம். கிழமையும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். அந்த ஆகஸ்ட் 28 சனிக்கிழமை.

வரிக்குள் போவது

அக்காலக் கடிதத்தின் முதல் பத்து வரி கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான்: மகா-ரா-ரா-ஸ்ரீ, தீர்க்காயுசு, க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். கிறிஸ்தவர் சிலுவைக் குறியோ 'சேசு மரி சூசை'யோ போடுவார், முஸ்லிம் 786 போடுவார். இவற்றைத் தாண்டி 'நிற்க' என்று ஒரு சொல் வரும். விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. நேரம் குறைவாக இருந்தால் எல்லாக் கடிதங்களிலும் 'நிற்க'வுக்குப் பின் உள்ளதை முதலில் எழுத்துப்பெயருங்கள், அதாவது பார்த்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ணா, றா, னா, லை, ணை, னை ஆகியவற்றின் கொம்புச் சுழிகளும் தும்பிக்கை வடிவமும் முதல் நாள் தடுமாற வைக்கும். புள்ளி வைக்காமல் எழுதியவர்களும் உண்டு. ஒரு கடிதத்தின் தெளிவான சொற்களைக் கொண்டு அந்தக் கைக்கு ஓர் எழுத்து அட்டவணை தயாரித்துக்கொண்டால் மூன்றாவது கடிதத்தில் வேகம் வந்துவிடும். எழுத்துப்பெயர்க்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள். 'ஆஸ்பித்திரி' என்று எழுதியிருந்தால் அப்படியே. ஊகித்த சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், படிக்க முடியாத இடத்தில் எத்தனை எழுத்து என்று குறியுங்கள்.

ஒரே ஆளின் கடிதங்களில் கையெழுத்து மாறினால் போலி என்று எண்ண வேண்டாம். எழுதத் தெரியாதவருக்கு கம்பெனியில் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தார். கை மாறும் இடம் அவர் யூனிட் மாறிய இடமாகவோ ஆஸ்பத்திரிக்குப் போன இடமாகவோ இருக்கலாம், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டிலும் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். தபால்காரரோ வாத்தியாரோதான் படித்துக் காட்டினார். ஆக ஒரு கடிதத்துக்கு எழுதிக் கொடுத்தவர், தணிக்கை செய்தவர், படித்துக் காட்டியவர் என்று மூன்று அந்நியர்கள். மனைவிக்கு எழுத வேண்டியது அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் "வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரியாகச் சுருங்கியது இதனால்தான். "நான் சுகம்" என்பதை வைத்து அவர் சுகமாக இருந்தார் என்று எழுதாதீர்கள். பணம், நிலம், மாடு, லீவு பற்றிய வரிகளை நம்பலாம்; அவற்றை மறைக்கக் காரணமில்லை.

மறைத்துச் சொன்ன இடங்களும் வரும். முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்த சிப்பாய்கள் கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று எழுதியதைத் தணிக்கை அதிகாரிகள் பிடித்தார்கள். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரன். உங்கள் கடிதத்தில் சம்பந்தமில்லாமல் ஒரு பொருளோ உறவுமுறையோ திரும்பத் திரும்ப வந்தால் குறித்து வையுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை வந்ததைச் சங்கேதம் என்று சொல்லிவிட வேண்டாம். தணிக்கையில் கத்தரித்த ஓட்டையையும் மை பூசிய வரியையும் கெமிக்கல் போட்டு மீட்க முயலாதீர்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள், தெரிந்தால் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் புத்தகம்

படையிலிருந்து விடுவித்தபோது சிப்பாய்க்குக் கொடுத்த புத்தகம் இது. கடிதங்கள் சதை என்றால் எலும்பு இதுதான். சேவை எண், பதவி, தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த நாள், வெளியேறிய நாள், காரணம், நடத்தை, அடையாளத் தழும்பு, போன நாடுகள், மெடல்கள் எல்லாம் இதில் இருக்கும். முதலில் சேவை எண்ணை எடுத்து எழுதுங்கள். பெயரை நம்பித் தேடினால் போகாது. ஆங்கிலத்தில் முனுசாமியை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், ஒரே கம்பெனியில் பல முனுசாமிகள் இருப்பார்கள். ஒரு பிரிவுக்குள் எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

'சேவை இனித் தேவையில்லை' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால் தண்டனை என்று பதற வேண்டாம். போர் முடிந்ததும் படையைக் குறைத்தபோது லட்சக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். நடத்தைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மெடல்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எளிய வழி, எந்தத் தேதிகளுக்குள் செய்த சேவைக்கு அந்த மெடல் என்ற காலவரம்பு. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. இந்தியாவிலேயே களத்துக்கு வெளியே மூன்றாண்டு சேவை செய்தவருக்கு இந்தியா சர்வீஸ் மெடல். இவற்றைப் பிராசோ போன்ற பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயரோ எண்ணோ பொறித்திருந்தால் அது தேய்ந்துவிடும்.

மணியார்டர் கூப்பன்களைக் குப்பை என்று போட்டுவிடாதீர்கள். தேதி முத்திரையும் தொகையும் உள்ள ஒரு கூப்பன், கடிதமே இல்லாத மாதத்தை நிரப்பும். தொகை திடீரென்று கூடினால் பதவி உயர்வாக இருக்கலாம், நின்றுபோனால் லீவு, ஆஸ்பத்திரி, அல்லது கைதி.

வெளியே கேட்பது

சிப்பாய், நாயக், ஹவில்தார் போன்றோரின் சேவை ஆவணங்களை லண்டனில் தேடிப் பயனில்லை. அவை அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில்தான்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் பெங்களூரு, பயனீர் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, ஆர்டினன்ஸும் இஎம்இயும் (இயந்திரப் பழுதுபார்ப்புப் படை) செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. விண்ணப்பத்தில் சேவை எண், பதவி, பெயர், தகப்பன் பெயர், பழைய ஜில்லாப் பெயரோடு கிராமம், சேர்ந்த ஆண்டு, உங்கள் உறவு ஆகியவற்றை எழுதி, டிஸ்சார்ஜ் நகல், இறப்புச் சான்று நகல், வாரிசுச் சான்று நகல் இணையுங்கள். அசலை எக்காரணத்துக்கும் அனுப்பாதீர்கள். ஓய்வூதியம் பெறாதவர்களின் கோப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுவது வழக்கம். எனவே "கோப்பு இல்லை" என்ற பதிலோடு நிற்காமல், நிரந்தரமாக வைக்கப்படும் 'லாங் ரோல்' பதிவின் நகலைத் தனியே கேளுங்கள். எழுதுவதற்கு முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. முகவரியும் படிவமும் அங்கே கிடைக்கும்.

இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். தகப்பன் பெயரும் கிராமமும் பல பதிவுகளில் உண்டு. ஊரை இன்றைய எழுத்தில் தேடினால் வராது. டிரிச்சினோபொலி, டின்னவெல்லி, டாஞ்சூர், ராம்நாட், சிங்கில்பட் என்று அன்றைய ஆங்கில எழுத்தில் தேடுங்கள். தகனம் செய்யப்பட்டவருக்கும் உடல் கிடைக்காதவருக்கும் கல்லறை இருக்காது. பர்மாவில் என்றால் டாக்யானிலுள்ள நினைவகங்கள், மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியிலுள்ள நினைவகங்கள்.

யூனிட் பெயர் கிடைத்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (போர் அலுவலகக் கோப்பு வரிசை) 169, இத்தாலிக்கு 170, தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. தனிச் சிப்பாய் பெயர் அதில் வருவது அபூர்வம். அன்றைக்கு அந்தக் கம்பெனி எந்தப் பாலத்தைக் கட்டியது, எங்கே கண்ணிவெடி அகற்றியது என்பது வரும். 1944இல் இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடிமேல் படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், சேப்பர்ஸின் 11வது ஃபீல்ட் பார்க் கம்பெனிக்காரர். உங்கள் கட்டில் அதே கம்பெனியின் பெயரும் அந்த மாதத்துத் தேதியும் இருந்தால் உங்கள் ஆளும் அந்த வட்டாரத்தில் இருந்திருக்க வாய்ப்புண்டு. வீரப் பதக்கங்களில் பலவற்றுக்கு பிரிட்டிஷ் அரசிதழான 'லண்டன் கெஜட்'டில் அறிவிப்பு இருக்கும், அதில் தேடுவதும் இலவசம்.

படமெடுப்பதும் வைப்பதும்

ஸ்கேனரில் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதாப் பென்சிலும் தணிக்கை மையும் ஒன்றாகிவிடும். இரண்டு பக்கமும், காலிப் பக்கமானாலும். உறையும் கடிதமும் ஒரே எண்ணில்: அ-12-உறை-1, அ-12-கடிதம்-1. தாளின் ஓரம் முழுதும் தெரிய வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல். போனில் எடுப்பதானால் வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம், ஃப்ளாஷ் கூடாது. பழுப்பேறி மங்கிய பேனா மையை, படத்தின் நீல அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில் வசிக்கும் உறவினரிடம்.

அசலுக்கு அமிலமில்லாத உறை கிடைக்காவிட்டால், சாயம் போடாத வெள்ளைப் பருத்திக் கந்தல் கைத்தாளில் மடித்துத் துவைத்த மல் துணியில் சுற்றுங்கள். சிவப்புத் துணி ஏட்டுக்கு மரபாக இருக்கலாம். ஐப்பசி ஈரத்தில் சாயம் இறங்கும். பிவிசி ஃபைல் கூடாது, எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி புகைப்படத்தைக் கெடுக்கும். வசம்பைத் துணி முடிப்பில் வெளியே வைப்பதில் தீங்கில்லை, அதை மட்டுமே நம்பினால் ஏமாற்றம். பரண் வேண்டாம், சமையலறைச் சுவர் ஓரம் வேண்டாம், மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். பழைய டிரங்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் துருவைத் தட்டி, உட்புறம் அட்டை வைத்து, சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கார்த்திகை முடிந்தும் ஆடிக் காற்று ஓய்ந்தும், திறந்து பாருங்கள்.

இணையத்தில் போடுவதற்கு முன் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். பங்காளிச் சண்டை, பெண் கொடுத்த விவகாரம் எல்லாம் இவற்றில் இருக்கும். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருப்பார்கள்.

கடைசியாக ஓர் அட்டவணை. எண், எழுதிய தேதி, வந்த தேதி, முத்திரை, யார் கை, யாருக்கு, பணம், ஊர்ப்பெயர் என்று கட்டங்கள் போடுவீர்கள். கூடவே 'எதற்குப் பதில்' என்று ஒரு கட்டமும் போடுங்கள். வீட்டிலிருந்து போன கடிதங்கள் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்காது. சிப்பாய் மூட்டையில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் "நீங்கள் எழுதியபடி கிழக்குக் கொல்லையை ஒற்றி வைக்க வேண்டாம்" என்று அவர் எழுதியிருந்தால், போன கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் ஊரில் அந்த ஆண்டுகளில் நடந்தது வரிசையாக வரும்.